நார்மல் பாட்டில்

போடிநாயக்கனூர்,
ஆனி மாதம், திங்கட்கிழமை.

அன்பு மகள் முத்துப்பிரியாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் நீ விட்டுப்போன பூனையும் பரமசிவன் புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம், கனடாவில் இருக்கிற நீயும் கைகால் சுகத்தோடு இருக்க வேண்டும் என்பதுதான் விளக்கேற்றும்போதெல்லாம் எங்கள் வேண்டுதல். தினமும் போனில் பேசுகிறவளுக்கு எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நீ எப்போதும் பறந்துகொண்டே இருக்கிறாய், ஒரு கையில் சட்டி, காதில் நான். எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் "நார்மலா இருக்கேம்மா" என்பாய், சாப்பிட்டாயா என்றால் "ம்" என்பாய், அதற்குள் ஆபீசிலிருந்து இன்னொரு அழைப்பு வந்துவிடும். ரிசல்ட் வந்த அன்றைக்கு நான் பாஸ் என்று சொன்னதும் ஓவென்று கத்தினாய், அழுதாய், அப்புறம் மீட்டிங் என்று வைத்துவிட்டாய். பாஸானதைத்தான் கேட்டாய், எப்படிப் பாஸானேன் என்று கேட்கவில்லை. அது பெரிய கதை, போனுக்குள் அடங்காது. அதனால் ஏலக்காய்ப் பார்சலுக்குள் இந்தக் கடிதத்தை வைத்து அனுப்புகிறேன். உட்கார்ந்து படி, அடுப்பைப் பார்த்துக்கொண்டே படிக்காதே.

ஊர்ச் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். இங்கே சாரல் ஆரம்பித்துவிட்டது, சாயங்காலமானால் மலைப்பக்கம் கருத்துக்கொண்டு வருகிறது. பங்குனியிலும் சித்திரையிலும் கோடை மழை ஏமாற்றியதில் மேலே நம் தோட்டத்தில் ஏலச் செடிகள் பாதிக்கு மேல் வாடிவிட்டன. அப்பா இரண்டு மாதமும் மலையிலேயே கிடந்து ஓடைத் தண்ணீரை மோட்டார் வைத்து ஏற்றித்தான் மீதியைக் காப்பாற்றினார். அங்கே சிக்னல் கிடையாது என்பது உனக்குத் தெரியும், அதை நினைவில் வைத்துக்கொள், கதைக்கு அது வேண்டும். மாங்காய் இந்த வருஷம் கொட்டிக் கிடக்கிறது, உனக்கென்று ஒரு ஜாடி ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறேன். ஒச்சம்மா அத்தைக்குக் கால்வலி தேவலை, வாய் மட்டும் எப்போதும் போல நல்ல ஆரோக்கியம்.

இப்போது கதைக்கு வருகிறேன். நவம்பரில் உயிர்வேதியியல் பேப்பரில் நான் தோற்றபோது நீ போனில் என்னைத் தேற்றினாயே, அப்போது உன்னிடம் எதில் தோற்றேன் என்று சொன்னேனா என்று ஞாபகம் இல்லை. விலங்கியலில் மற்ற எல்லாப் பாடமும் எனக்குக் கைவந்துவிட்டது, வளர்சிதை மாற்றம் மட்டும் பிடி கொடுக்கவில்லை. சாப்பிட்ட சோறு சர்க்கரையாகி, சர்க்கரை உடைந்து சக்தியாகிற வழி முழுவதையும் நொதி பெயரோடு ஒப்பிக்க வேண்டும். ப்ளஸ் டூவைத் தமிழில் படித்துவிட்டு இருபத்தைந்து வருஷம் அடுப்பும் ஏலக்காயுமாக இருந்தவளுக்கு ஹெக்சோகைனேஸ் என்று சொல்லவே நாக்கு சுளுக்கிக்கொள்ளும். அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தேன். சனிக்கிழமை தோறும் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப்பில் நானும் போவேன் இல்லையா, குளுக்கோஸும் என்னோடு மலையடிவாரத்து முந்தலில் ஏறிவிடும். மலைப்பாதையில் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுக்கும் ஒரு நொதி, அது குளுக்கோஸைப் பிடித்து ஒரு திருப்பு திருப்பிவிடும், பத்தாவது வளைவில் அது பைருவேட்டாக வந்து நிற்கும். நான் முணுமுணுத்துக்கொண்டே வருவதைப் பார்த்து ஏலப்பழம் எடுக்க வருகிற பெண்களுக்கெல்லாம் பாடமாகிவிட்டது. அமுதவள்ளி ஒவ்வொரு வளைவிலும் "ஏ வல்லி, இந்த வளவுல யாருடி நிக்கிறது" என்று கேட்பாள், நான் மறந்தால் அவளே சொல்லிவிடுவாள்.

ஆனால் அந்த வழியெல்லாம் குளுக்கோஸ் வருகிற நாளுக்குத்தான். குளுக்கோஸே வராத நாளில் உடம்பு என்ன செய்யும் என்பது வேறு பாடம், அதற்கு என்னிடம் வளைவும் இல்லை, ஜீப்பும் இல்லை. நவம்பர் கேள்வித்தாளில் அதைத்தான் பெரிய கேள்வியாகக் கேட்டுவிட்டார்கள், பட்டினி காலத்தில் கீட்டோன் பொருள்கள் ஏன் உருவாகின்றன, விளக்குக என்று. மனப்பாடம் பண்ணிய முதல் வரி கூட வரவில்லை. ஒரு பக்கம் முழுக்க வெறும் தாளாக விட்டுவிட்டு எழுந்து வந்தேன். ரிசல்ட் வந்த மறுநாள் ஒச்சம்மா அத்தை வந்து, "பேத்தி எடுக்குற வயசுல புத்தகப் பையைத் தூக்குனா இப்படித்தே ஆகும், பேசாம எந்தம்பிக்கு ஒத்தாசையா மலைக்குப் போ" என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்றைக்கு உன் அப்பாவே காப்பி போட்டுக் கொடுத்தார், அதில் சர்க்கரை போட மறந்துவிட்டார்.

ஏப்ரலில் மறுபடி எழுத வேண்டும், செய்முறைத் தேர்வும் அப்போதுதான். இரண்டில் எது போனாலும் பட்டம் கிடையாது. பட்டம் இல்லாவிட்டால் நம் ஊர் ஏலக்காய் ஏற்றுமதிக் கம்பெனியின் பரிசோதனைக் கூடத்தில் எனக்கென்று சொல்லி வைத்திருந்த இடமும் போய்விடும், ஜூன் வரைக்கும்தான் காத்திருப்போம் என்று அவர்கள் முதலிலேயே சொல்லியிருந்தார்கள். மூன்று வருஷம் சின்னப் பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார்ந்து, அவர்கள் என்னை அக்கா என்று கூப்பிடப் பழகி, என்னைவிடச் சின்னவளான ஈஸ்வரி மிஸ்ஸை நான் மிஸ் என்று கூப்பிடப் பழகி, எல்லாம் இந்த ஒரு பேப்பரில் வந்து தொங்கிக்கொண்டு நின்றது. எனக்குப் பயம் வந்துவிட்டது, தாயி. பயம் வந்தால் உன் அம்மா என்ன செய்வாள் என்று உனக்குத் தெரியும். நேர்ந்துகொண்டேன். வீரபாண்டி கௌமாரியம்மனை நினைத்து, செய்முறைத் தேர்வு முடிகிற வரைக்கும் தண்ணீரும் உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறும் தவிரப் பல்லில் எதுவும் படாது என்று செவ்வாய்க்கிழமை காலையில் விரதம் பிடித்துவிட்டேன். தேர்வு வியாழக்கிழமை. அப்பா கீழே இருந்தால் திட்டிச் சாப்பிட வைத்திருப்பார், அவர்தான் மலையில் இருக்கிறாரே. உன்னிடமும் சொல்லவில்லை, சொன்னால் நீ அங்கிருந்தே என்னை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பாய்.

இந்த இடத்தில் எங்கள் லேபில் இருக்கிற ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும், சிரிக்காமல் படி. சிறுநீர்ப் பரிசோதனை என்று ஒரு செய்முறை உண்டு. ஆளுக்கு இரண்டு பாட்டில் தருவார்கள். ஒன்றில் நோய் உள்ளவருடையதைப் போலத் தயாரித்து வைத்திருப்பார்கள், அதில் சர்க்கரை இருக்கிறதா, கீட்டோன் இருக்கிறதா என்று நாம் கண்டுபிடிக்க வேண்டும். இன்னொன்று ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு, அதில் நார்மல் என்று ஒட்டியிருப்பார்கள், அது வகுப்பிலேயே யாராவது ஒருவர் தர வேண்டியது. முதல் தடவை லேப் உதவியாளர் பால்ராஜ் அண்ணன் காலிப் பாட்டிலை நீட்டியதும் பையன்கள் வராண்டாவுக்கு ஓடிவிட்டார்கள், பெண் பிள்ளைகள் முந்தானையைக் கடிக்காத குறை. "பிள்ளை பெத்து வளத்தவளுக்கு என்னப்பா கூச்சம், இங்க கொண்டா" என்று நான்தான் வாங்கிக்கொண்டு போனேன். அன்றிலிருந்து எங்கள் வகுப்புக்கு நார்மல் என்றால் நான்தான். எத்தனையோ தடவை செய்து பார்த்தோம், எந்தச் சோதனையிலும் எதுவும் வராது, சுத்தமான நார்மல். தேர்வு நாளிலும் பால்ராஜ் அண்ணன் வழக்கம் போலப் பாட்டிலை நீட்டினார், நானும் வழக்கம் போலக் கொடுத்துவிட்டேன். விரதம் என் கணக்கில் சாமி சமாச்சாரம், பாட்டில் லேப் சமாச்சாரம். இரண்டுக்கும் ஒரே உடம்பு என்பது என் புத்திக்கு எட்டவில்லை.

அன்றைக்குக் காலையில் தலை லேசாகக் கிறுகிறுத்தது. கல்லூரி வாசலில் ராசிங்காபுரம் பஸ்சிலிருந்து இறங்கிய என் வகுப்புப் பிள்ளை சுகன்யா என் பக்கத்தில் வந்ததும், "என்னக்கா, காலங்காத்தால பழம் தின்னீகளா, வாய்ல ஒரு மாதிரி இனிச்ச வாசம் அடிக்குது, நகப்பாலிசை அழிப்பாங்களே அது மாதிரியும் இருக்கு" என்றாள். ஏலக்காயாக இருக்கும் என்று சொல்லிவிட்டு நடந்தேன். உள்ளே போன பிறகுதான் யோசித்தேன், விரதத்தில் நான் ஏலக்காயும் வாயில் போடவில்லையே என்று. அதற்குள் மணி அடித்துவிட்டார்கள்.

வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் மதுரைக்காரர், நரைத்த மீசை, சிரிப்பே கிடையாது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மேசை மேசையாக நடந்தார். நான் முதலில் சர்க்கரைக்கான பெனடிக்ட் சோதனையைச் செய்தேன். நார்மல் பாட்டிலில் சூடு பண்ணிய பிறகும் நீலம் நீலமாகவே நின்றது, சர்க்கரை இல்லை, சரி. அடுத்தது கீட்டோனுக்கான ரோத்தரா சோதனை. உப்பைக் கரைகிற மட்டும் போட்டு, இன்னொரு மருந்தும் போட்டு, கடைசியில் அம்மோனியாவைக் குழாயின் ஓரமாக மெதுவாக விட வேண்டும். கீட்டோன் இருந்தால் இரண்டும் சேருகிற இடத்தில் ஊதா வளையம் வரும், இல்லாவிட்டால் ஒன்றும் வராது. நார்மலில் ஒன்றும் வரக் கூடாது. எனக்கு வந்தது. கத்தரிக்காய்த் தோல் நிறத்தில் கெட்டியாக ஒரு வளையம். கை தவறிவிட்டது என்று குழாயைக் கழுவிவிட்டு மறுபடி செய்தேன், மறுபடியும் வந்தது. பக்கத்து மேசையில் சுகன்யா என்னைப் பார்த்தாள், அவள் குழாயிலும் வளையம். அதற்கு அந்தப் பக்கமும் வளையம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள்.

தேர்வாளர் அதைக் கவனித்துவிட்டார். தானே ஒரு குழாயை எடுத்துச் செய்து பார்த்தார், வளையம் வந்தது. "இது நார்மலா? யாரு ஊத்தினது?" என்றார். பால்ராஜ் அண்ணன், "சத்தியமா நான் பாட்டிலை மாத்தலை சார், எம்புள்ளைக மேல ஆணை" என்றார். ஈஸ்வரி மிஸ் முகத்தில் ரத்தமே இல்லை. பாட்டில் மாறியிருந்தால் இந்தத் தேர்வு செல்லாது, பல்கலைக்கழகத்துக்கு எழுதிவிட்டு வேறு தேதி வாங்கித்தான் மறுபடி வைக்க வேண்டும் என்று தேர்வாளர் சொன்னார். வேறு தேதி என்றால் ரிசல்ட் எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும். என் வேலை போய்விடும் என்று நினைத்தேன், அதற்கு மேல் பிள்ளைகளை நினைத்தேன். சுகன்யா ஜூனில் பி.எட். சேர வேண்டும், பாண்டியராஜன் எம்.எஸ்சி.க்கு விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருக்கிறான். எல்லோரையும் நடுத்தெருவில் நிறுத்தப் போகிறது இந்தப் பாட்டில்.

பாட்டில் மாறவில்லை என்று எனக்குத் தெரியும், என் கையால் கொடுத்தது. மாறாத பாட்டிலில் எப்படிக் கீட்டோன் வரும்? நான் என்ன சாப்பிட்டேன் என்று யோசித்தேன். ஒன்றும் சாப்பிடவில்லை. அந்த நினைப்பு வந்ததும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது, பிரியா. ஒன்றும் சாப்பிடவில்லை, அதுதான் விடை. சுகன்யாவுக்கு அடித்த பழவாசமும் அதுதான். நவம்பரில் நான் வெறும் தாளாக விட்டுவிட்டு வந்த கேள்விக்கு இரண்டு நாளாக என் உடம்பே உட்கார்ந்து விடை எழுதியிருக்கிறது.

எழுந்து நின்றேன். "சார், பாட்டில் மாறலை. அது என்னோடது. நான் செவ்வாக்கிழமையிலருந்து விரதம்" என்றேன். பின்னால் பையன்கள் களுக்கென்று சிரித்தார்கள். தேர்வாளர் சிரிக்கவில்லை, என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு சுகர் இருக்காம்மா?" என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம்தான், சர்க்கரை நோய் முற்றினாலும் இந்த வளையம் வரும். "இருந்தா பெனடிக்ட்ல நெறம் மாறியிருக்கும் சார், எல்லாரு டியூப்புலயும் நீலமாத்தே நிக்குது" என்றேன். அவர் என் குழாயைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு சாக்பீசை எடுத்து என் கையில் கொடுத்து, "அப்ப வளையம் எங்கருந்து வந்துச்சுன்னு போர்டுல சொல்லுங்க. பிள்ளைங்களுக்குப் புரியணும்" என்றார்.

எனக்கு அப்போது கிறுகிறுப்பும் இல்லை, பசியும் இல்லை. சொன்னேன். சாப்பிடாத முதல் நாள் கல்லீரல் தன்னிடம் சேர்த்து வைத்திருந்த சர்க்கரையை எடுத்துச் செலவு பண்ணும், வீட்டில் குதிர் நெல் இருக்கிற மட்டும் அப்படித்தானே. அது தீர்ந்ததும் உடம்பு கொழுப்பை உடைக்க ஆரம்பிக்கும். கொழுப்பு உடைந்து கிடைக்கிற அசிட்டைல் கோ-ஏ லோடு லோடாக வந்து, அதை எரித்துச் சக்தியாக்குகிற கிரெப்ஸ் சுழற்சியின் வாசலில் நிற்கும். உள்ளே போக வேண்டுமானால் ஆக்சலோஅசிட்டேட் வந்து கைபிடித்துக் கூட்டிப்போக வேண்டும், அன்றைக்குப் பார்த்து அது அங்கே இருக்காது. "போடிமெட்டு செக்போஸ்ட்ல கேட்டைத் தூக்குற ஆளு வேற சோலிக்குப் போயிட்டாருன்னா லோடு வண்டியெல்லாம் வரிசையா நிக்கும்ல சார், அது மாதிரி" என்றேன். நின்ற லோடையெல்லாம் கல்லீரல் கீட்டோனாக மாற்றி ரத்தத்தில் விடும், மூளையும் இதயமும் அதை எடுத்து எரித்துக்கொள்ளும், மிஞ்சினது மூச்சிலும் போகும், பாட்டிலுக்கும் வரும். சொல்லி முடித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். தேர்வாளர் விடவில்லை. "எல்லாஞ் சரி. அந்த கேட்டுக்காரர் எங்க போனார்?" என்று கேட்டார்.

புத்தகத்தில் அந்த வரியை நான் நூறு தடவை படித்திருப்பேன், ஒரு தடவை கூட ஏன் என்று யோசித்ததில்லை. இப்போது கேள்வி என் தலையைப் பற்றியது, சாப்பிடாத தலை எப்படி இவ்வளவு நேரம் பேசிக்கொண்டு நிற்கிறது. "மூளை முழுக்கக் கீட்டோனை வச்சுப் பொழைக்க முடியாது சார், அதுக்குக் கொஞ்சமாச்சும் குளுக்கோஸ் வேணும். சோறு வரலைன்னா கல்லீரல்தே புதுசாச் செய்யணும். அதைச் செய்யத்தே அவரைக் கூட்டிட்டுப் போயிட்டாங்க" என்றேன். அவர் மீசையைத் தடவினார். அப்புறம் முதல் தடவையாகச் சிரித்தார். நவம்பரில் என்னைக் கவிழ்த்த கேள்வியை நான் நின்றுகொண்டே கவிழ்த்துவிட்டேன், அதுவும் சோறில்லாத வயிற்றோடு.

அதோடு முடியவில்லை. தேர்வு செல்லும் என்று சொல்லிவிட்டு, எல்லோருடைய தாளையும் எடுத்துப் பார்த்தார். நார்மலில் வளையம் வந்தது என்று பயந்து பயந்து எழுதியிருந்தவர்களுக்கு முழு மார்க்கு. சுகன்யா பாவம், எழுதிவிட்டுப் பக்கத்தில் கேள்விக்குறி வேறு போட்டிருந்தாள். நார்மல் என்றால் வராது என்று வளையத்தைப் பார்த்த பிறகும் "இல்லை" என்று எழுதியவர்களை எழுந்திருக்கச் சொன்னார், அதில் வகுப்பில் முதலாவதாக வருகிற பாண்டியராஜனும் ஒருவன். அவர்களைத் திட்டவில்லை. மறுபடி செய்யுங்கள், இந்தத் தடவை கண்ணால் பார்த்ததை எழுதுங்கள் என்று உட்கார வைத்தார். கடைசியில் என் தாளில் மார்க்கைப் போட்டு மடித்துவிட்டு, "உங்க தேர்வு முடிஞ்சதும்மா, அம்மன்கிட்ட நான் சொன்னேன்னு சொல்லிட்டு மொதல்ல போய்ச் சாப்பிடுங்க" என்றார். பிள்ளைகள் மேசையைத் தட்ட ஆரம்பித்தவர்கள் நிறுத்தவில்லை. பால்ராஜ் அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டே ஓடிப்போய் வாழைப்பழமும் பன்னும் டீயும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார், ஈஸ்வரி மிஸ் பழத்தை உரித்து என் கையில் கொடுத்தாள். நான் அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் அதைத் தின்றேன். மறுநாள் ஈஸ்வரி மிஸ் சொல்லி இன்னொரு பாட்டில் கொடுத்தேன். ராத்திரி சோறும் காலையில் இட்டிலியும் தின்ற உடம்பு, வளையம் காணாமல் போயிருந்தது.

இப்போது எங்கள் லேபில் நார்மல் என்று மட்டும் எழுதி ஒட்டுவது கிடையாது. கொடுத்தவர் கடைசியாக எப்போது, என்ன சாப்பிட்டார் என்று கீழே ஒரு வரி எழுத வேண்டும் என்று ஈஸ்வரி மிஸ் சொல்லிவிட்டாள். பால்ராஜ் அண்ணன் அதற்கு வல்லியக்கா வரி என்று பெயர் வைத்திருக்கிறார். நான் படித்து முடித்து வந்துவிட்டேன், என் வரி அங்கே இருக்கிறது.

எழுத்துத் தேர்வில் அந்தக் கேள்வி வந்ததா என்று கேட்பாய். அப்படியே வரவில்லை, சுற்றி வளைத்து வந்தது, பட்டினி கிடப்பவரின் கல்லீரலில் நடப்பதை எழுதுக என்று. நான் யாருடைய கல்லீரலையும் கற்பனை பண்ண வேண்டியிருக்கவில்லை. கூடுதல் தாள் வாங்கி எழுதினேன், எழுபத்தெட்டு மார்க்கு. ரிசல்ட் அன்று அப்பா மலையிலிருந்து இறங்கி, சிக்னல் கிடைத்த இடத்தில் போனில் செய்தியைக் கேட்டவர் வீட்டுக்குள் கூட நுழையவில்லை, மைசூர்பாகை வாங்கிக்கொண்டு நேராக ஏலக்காய் ஏலம் நடக்கிற இடத்துக்குப் போய், "எம்பொண்டாட்டி உசுருக் கெமிஸ்ட்ரியில பாஸாயிட்டா, எடுத்துக்கங்க" என்று ஒவ்வொரு வியாபாரியிடமும் நீட்டியிருக்கிறார். கம்ப்யூட்டரைப் பார்த்து விலை கேட்டுக்கொண்டிருந்த ஒருவர் மைசூர்பாகை வாயில் போட்ட நேரத்தில் நல்ல சரக்கைக் கோட்டை விட்டுவிட்டாராம், இன்னும் அப்பாவைப் பார்த்தால் முறைக்கிறார். விரதம் இருந்த விஷயத்தை வீட்டுக்கு வந்த பிறகு சொன்னேன். அரை மணி நேரம் திட்டினார். அப்புறம், "ஏ புள்ள, அந்த வளையத்தை எனக்கும் ஒரு நாள் காட்டு" என்றார். அதற்கு நீங்கள் பட்டினி கிடக்க வேண்டும் என்றேன், அப்படியானால் வேண்டாம் என்றுவிட்டார்.

ஒச்சம்மா அத்தையும் வந்தாள். வந்தவள் பாஸானதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, முந்தானையில் முடிந்து வைத்திருந்த தன் ரத்தப் பரிசோதனைச் சீட்டை எடுத்து என் முன்னால் வைத்து, "இந்தா, இதுல என்ன எழுதியிருக்கான்னு பாத்துச் சொல்லு, டாக்டரு வெரசா வெரசாப் பேசுறாரு, ஒண்ணும் விளங்கலை" என்றாள். மருந்தை மாற்றுவதெல்லாம் டாக்டர்தான் சொல்ல வேண்டும் என்று சொல்லிவிட்டு, சீட்டில் இருப்பதை மட்டும் ஒவ்வொன்றாக விளக்கினேன். போகும்போது வாசலில் நின்று, "படிச்சது வீண் போகலைடி" என்றாள். உன் அத்தை வாயிலிருந்து அது வந்தது எனக்குப் பல்கலைக்கழக மார்க்கை விடப் பெரிது, இதை அவளிடம் சொல்லிவிடாதே.

கம்பெனி லேபில் சேர்ந்து இரண்டு வாரமாகிறது. வெள்ளைக் கோட்டு கொடுத்திருக்கிறார்கள், பாக்கெட்டில் பெயர் தைத்திருக்கிறது. ஏற்றுமதிக்குப் போகிற ஏலக்காயில் பூச்சி மருந்து மிச்சம் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் சோலி. பாட்டிலில் எதையாவது எழுதாமல் வைத்தால் நான் சத்தம் போடுகிறேன் என்று அங்கே இருக்கிற பிள்ளைகள் இப்போதே சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். பட்டமளிப்பு விழா ஐப்பசியில் இருக்கும் என்கிறார்கள். லீவு கிடைத்தால் வா, மதுரைக்கு வந்து இறங்கினால் இப்போது ரயிலிலேயே வீட்டு வாசல் வரைக்கும் வந்துவிடலாம். மூன்று வருஷத்துக்கு முன்னால் எனக்குத் தெரியாமல் என் பெயரில் விண்ணப்பம் போட்டவள் நீ, அந்தக் கறுப்பு அங்கியில் என்னைப் பார்க்க வேண்டியவளும் நீதான்.

கடைசியாக ஒன்று, இதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன் என்று வைத்துக்கொள். அங்கே நீ சோற்றைத் தொடாமல் வெண்ணெயும் முட்டையுமாக ஏதோ கீட்டோ டயட் இருப்பதாகவும், காலையில் ஒன்றுமே சாப்பிடுவதில்லை என்றும் உன் அறைத்தோழி வாய்தவறிச் சொல்லிவிட்டாள். முன்னெல்லாம் இதைக் கேட்டால் ஒல்லியாகிவிடுவாயே என்று புலம்பியிருப்பேன், நீ "உனக்கு ஒண்ணும் தெரியாதும்மா" என்று சொல்லி வாயை அடைத்திருப்பாய். இப்போது எனக்குத் தெரியும். உன் கல்லீரல் வாசலில் எத்தனை லோடு நிற்கிறது, கேட்டுக்காரர் எங்கே போயிருக்கிறார் என்று போடியில் இருந்தே சொல்லுவேன். டாக்டரைக் கேட்டுக்கொண்டு செய்கிறாய் என்றால் செய், இல்லாவிட்டால் காலையில் இரண்டு இட்டிலியாவது தின்னு. நான் செய்ததையும் நீ செய்யாதே, அம்மனை இன்னொரு தடவை அப்படிச் சோதிக்க மாட்டேன் என்று அப்பாவிடம் சத்தியம் பண்ணிக் கொடுத்திருக்கிறேன். கௌமாரியம்மன் உன்னை நோய்நொடி அண்டாமல் காக்கட்டும், போன இடத்தில் எல்லாம் உன் கை மேலோங்கி இருக்கட்டும், எங்கள் ஆயுசையும் சேர்த்து நீ வாழ வேண்டும். ஏலக்காயை டப்பாவில் இறுக்கி மூடி வை. அடுத்த தடவை போனில் எப்படி இருக்கிறாய் என்று நான் கேட்டால் நார்மல் என்று சொல்லாதே. கடைசியாக எப்போது, என்ன சாப்பிட்டாய் என்று மட்டும் சொல், நார்மலா இல்லையா என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா,
கோ. சந்திரவல்லி, பி.எஸ்சி.
(கடைசியாகச் சாப்பிட்டது: இப்போதுதான். சோறு, கத்தரிக்காய்க் குழம்பு, அப்பளம்.)